பில் தொலைந்தால் வரி கூடும்: புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்குக் கணக்கு எழுதும் முறை

வருடக் கடைசியில் ஒரு பை நிறைய பில்களைக் கொண்டுபோய் ஆடிட்டர் மேசையில் கொட்டுகிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். அதில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. தெர்மல் தாளில் அச்சாகும் பில்லில் மையே கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். வெயிலிலோ பர்ஸிலோ கொஞ்ச நாள் கிடந்தால் எழுத்து மங்கிப் போய்விடும். படிக்க முடியாத எதையும் அவர் செலவில் சேர்க்கவில்லை. கையை விட்டுப் போன காசை லாபமாகக் காட்டி, அதற்கும் வரி கட்டினேன்.

லாபத்துக்கு 20 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். 1,000 செலவுக்கான பில் ஒன்று தொலைந்தால் 200 வீணாகப் போகிறது. இப்படி மாதம் நாலைந்து.

சரி, முதல் வேலை: தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவு அதில் வரவே கூடாது. இது ஒன்றைச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

அடுத்து, பில் கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுங்கள். கோப்புக்குத் தேதி, யாருக்கு, எவ்வளவு என்று பெயர் வையுங்கள். வருடத்தில் தொடங்கி மாதம், நாள் என்று எழுதினால் கோப்புகள் தானாகவே வரிசையாக நிற்கும். எல்லாரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: பில்லின் ஓரத்தில் அது எதற்கு என்று ஒரு வரி எழுதுவது. வெளியூர்ப் பயண டிக்கெட் மட்டும் இருந்தால் அது உல்லாசப் பயணமா, வாடிக்கையாளரைப் பார்க்கப் போனதா என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வருடம் கழித்து அதிகாரி கேட்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது. சொந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டுகிறவர்கள் தேதி, போன இடம், காரணம், ஓடிய தூரம் இவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். கடைசியில் குத்துமதிப்பாக எழுதிய பட்டியல், பார்த்தாலே தெரியும்.

அப்புறம் ஒரு எக்செல் ஷீட் போதும், கணக்கு மென்பொருளெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தேதி, யார், எதற்கு, தொகை, அதில் அடங்கிய வரி, ரொக்கமா வங்கியா, எந்தத் தலைப்பு. தலைப்புகள் பத்துக்குள் இருக்கட்டும். 'இதர செலவுகள்' என்ற தலைப்பு வீங்க ஆரம்பித்தால் நீங்கள் சோம்பேறியாகிவிட்டீர்கள் என்று அர்த்தம். பொருள் வாங்கும்போது கொடுத்த விற்பனை வரியை, நீங்கள் வசூலித்துக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி உங்களுக்கு இருந்தால், 'அடங்கிய வரி' என்ற அந்த ஒரு கட்டம்தான் காசு. முறையான இன்வாய்ஸ் இல்லாமல் அது கிடைக்காது.

ஆரம்பத்தில் எல்லாரும் சறுக்கும் இடங்கள் சில. கடன் தவணை முழுவதும் செலவல்ல, வட்டி மட்டுமே செலவு, அசல் அல்ல. தனி ஆளாக நடத்தும் தொழிலில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பணமும் பொதுவாகச் செலவில் வராது. கணினி, இயந்திரம் போல வருடக்கணக்கில் உழைக்கும் பொருளை வழக்கமாக ஒரே வருடத்தில் கழிக்க விடமாட்டார்கள், தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். அதனால் வாங்கிய பில், பயன்பாட்டுக்கு வந்த தேதி இரண்டையும் தனி ஃபோல்டரில் போட்டு, பொருளை விற்ற பிறகும் சில வருடம் வைத்திருங்கள். மற்ற பில்களை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை உட்கார்ந்து வங்கி ஸ்டேட்மென்டையும் ஷீட்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மாதா மாதம் தானாகக் கழியும் சந்தா, வங்கிக் கட்டணம், பில்லே இல்லாத செலவு எல்லாம் மாட்டுவது இங்கேதான். பில்லை அந்த மாதமே கேட்டால் மறுபடி அனுப்புவார்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்!

முதல் வருடம் நஷ்டம் என்றால் 'எதற்கு எழுதுவது' என்று விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் இந்த வருட நஷ்டத்தை வரும் வருட லாபத்தில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். அதற்குக் கணக்கு வேண்டும், சில நாடுகளில் வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்கவும் வேண்டும்.