தைராய்டு மாத்திரையோடு அமுக்கரா: யார், எப்போது, எவ்வளவு

மனஅழுத்தத்துக்கும் தூக்கமின்மைக்கும் அமுக்கரா வாங்குவோர் பலர் காலையில் தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரையும் போடுகிறவர்கள். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கிழங்கு என்றும், மெடிக்கலில் அசுவகந்தா காப்ஸ்யூல் என்றும் கிடைப்பது ஒரே வேர்தான். அது மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் குறைக்கும் என்பதில் உண்மை உண்டு. 2012-ல் ஹைதராபாத்தில் 64 பேரிடம் நடந்த ஆய்வில், 300 மி.கி. வேர் எக்ஸ்ட்ராக்டை தினம் இரண்டு வேளை 60 நாள் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் கார்டிசால் கால்வாசிக்கு மேல் இறங்கியது.

அதே வேர் தைராய்டு சுரப்பியையும் தூண்டக்கூடும். லேசான தைராய்டு குறைவு உள்ள 50 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், தினம் 600 மி.கி. எடுத்தவர்களுக்கு 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்) இறங்கி, தைராய்டு ஹார்மோன்களான டி3-யும் டி4-ம் ஏறின. மாத்திரை போடாதவருக்கு இது நல்ல செய்தியாகப் படலாம். 75 மைக்ரோகிராம் தைராக்சினில் அளவாக நிற்பவருக்கு இது மேலதிக மாத்திரை போட்ட மாதிரி. தைராக்சின் அளவை மருத்துவர்கள் 12.5 மைக்ரோகிராம் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்தால், அளவு தெரியாத ஒரு தூண்டலை இடையில் நுழைப்பது ஏன் சிக்கல் என்று புரியும்.

தைராய்டு ஹார்மோன் கூடினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை வரும். எல்லாமே டென்ஷன் போலத்தான் தெரியும். ‘இன்னும் சரியாகவில்லையே’ என்று இன்னொரு காப்ஸ்யூல் சேர்த்தால் நிலைமை மோசமாகும். இரண்டையும் உணர்வை வைத்துப் பிரித்தறிய முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். கீழே வரும் எல்லாமே அந்தப் பரிசோதனையைக் குழப்பாமல் வைத்துக்கொள்ளும் வழிதான்.

யார் தொடவே கூடாது

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், அதாவது கிரேவ்ஸ் நோயாளிகளும் அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் எடுப்பவர்களும். தைராய்டு புற்றுநோய்க்குப் பின் டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருப்பவர்கள். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள். ஈரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத முதியவர்கள். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள்.

அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை எடுப்பவருக்கு மயக்கமும் அசதியும் கூடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு அவை அளவுக்கு மேல் இறங்கலாம். இவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். ஹாஷிமோட்டோ (நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்கும் நோய்) என்று ரிப்போர்ட்டில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அமுக்கரா நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் தூண்டக்கூடியது.

இன்னொன்று. காரணமில்லாமல் எடை குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, உப்புக்கு ஏங்குவது, தோலும் ஈறும் கருப்பது என்றிருந்தால் அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் குறைந்த நோயாக இருக்கலாம். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு இது சேர்ந்தே வரும். அங்கே கார்டிசாலைக் குறைக்கும் மூலிகை ஆபத்து. காலை 8 மணி கார்டிசால் பரிசோதனை செய்துகொண்டு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். விளம்பரங்களில் வரும் ‘அட்ரினல் சோர்வு’ என்ற பெயரில் அந்த நிபுணர்கள் எந்த நோயையும் ஏற்பதில்லை.

தொடங்கும் முன்

தைராக்சின் அளவு மூன்று மாதமாவது மாறாமல் இருக்க வேண்டும். புதிதாக மாத்திரை ஆரம்பித்தவர், போன மாதம் அளவு மாற்றியவர் காத்திருக்கட்டும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாத டி4), ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி. மூன்றையும் பார்த்து ரிப்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை, ஏனென்றால் விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 தற்காலிகமாக உயர்ந்து காட்டும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் காப்ஸ்யூல் எடுக்கிறீர்களா? தைராய்டு குறைவுள்ள பெண்களில் நிறையப் பேர் எடுக்கிறார்கள். பல லேப்களில் பயன்படும் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகத் தாழ்த்தியும் டி4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் பழி அமுக்கரா மேல் விழும்.

எதை வாங்குவது

ஒரே பொருள் உள்ளதை வாங்குங்கள். ‘ஸ்ட்ரெஸ் ரிலீஃப்’ என்று எட்டு மூலிகை கலந்ததில் எது என்ன செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. லேபிளில் வேர் மட்டும் என்று இருக்கட்டும். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உற்பத்தி உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, வேரில் வேலை செய்யும் பொருளான விதனோலைடின் சதவீதம். வெறும் மில்லிகிராமை நம்பினால் ஏமாந்துபோவோம். 5 சதவீதமுள்ள 300 மி.கி. காப்ஸ்யூலில் 15 மி.கி. விதனோலைடு இருக்கும். 35 சதவீதம் என்று விற்கும் காப்ஸ்யூலில் 250 மி.கி.-க்கே 87.5 மி.கி. வந்துவிடும், ஏறத்தாழ ஆறு மடங்கு. தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு 5 சதவீத வகையே போதும்.

சித்த மருந்தான அமுக்கரா சூரணம் வேறு கணக்கு. அது தனி வேர்ப்பொடி இல்லை. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும் பாகம் அது. எனவே சூரணத்தில் பாதி சர்க்கரை, அமுக்கரா கால்பங்குதான். நீரிழிவு உள்ளவர் கவனிக்க வேண்டியது இது. மிளகும் திப்பிலியும் வேறு மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையும் கூட்டக்கூடியவை. சூரணம்தான் வேண்டும் என்றால் சித்த மருத்துவரிடம் தைராய்டு மாத்திரை பற்றிச் சொல்லி அளவு வாங்குங்கள்.

நேரம்

காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு தைராக்சின். காபி, டீ, டிபன் எல்லாம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையும் அமிலத்துக்குப் போடும் ஜெலுசில் வகைகளும் நாலு மணி நேரம் தள்ளி. அமுக்கரா இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு காப்ஸ்யூல், தண்ணீரோடு. வெறும் வயிற்றில் எடுத்தால் பலருக்குக் குமட்டும், பேதியும் ஆகும்.

அதிகம் நடக்கும் தப்பு பாலில்தான். ‘காலையில் வெறும் வயிற்றில் பாலில் கலந்து குடி’ என்று யாரோ சொல்ல, மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் பால் உள்ளே போகிறது. பாலில் உள்ள கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். விளைவு விசித்திரமாக இருக்கும். அமுக்கரா டி.எஸ்.எச்.-ஐ இறக்கப் பார்க்க, பால் ஏற்றிவிட, ரிப்போர்ட்டைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இரவு படுக்கும்போது தைராக்சின் போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். அவர்களுக்குக் கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். படுக்கைநேர அமுக்கராப் பால் அந்த இடைவெளியைக் கெடுத்துவிடும். அவர்கள் அமுக்கராவை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம்.

அளவும் கணக்குப் புத்தகமும்

முதல் இரண்டு வாரம் 300 மி.கி. காப்ஸ்யூல் ஒன்று மட்டும். வேர்ப்பொடியாக இருந்தால் ஒன்றரை கிராமில் ஆரம்பித்து மூன்று கிராமில் நிறுத்துங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், குவித்து அள்ளினால் இரு மடங்காகிவிடும். சமையலறைத் தராசு போதாது, ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். ஆய்வுகளில் 600 மி.கி. கொடுத்தார்கள் என்பதற்காக நீங்களும் அதை எட்ட வேண்டியதில்லை.

ஒரு நோட்டில் தினமும் காலை எழுந்திருக்கும் முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணி எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை. ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்கினால்தான் ஒப்பிட முடியும். வழக்கமாக 70 இருந்த துடிப்பு தொடர்ந்து மூன்று நான்கு நாள் 80-ஐத் தாண்டினால் அமுக்கராவை நிறுத்திவிட்டு டி.எஸ்.எச். பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாறுமாறான துடிப்பு என்றால் நோட்டை மூடிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும்

தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், டி.எஸ்.எச். நிலைக்கு வர இன்னும் மெதுவாகும். அதனால் மறுபரிசோதனை 6 முதல் 8 வாரத்தில். பத்து நாளில் பார்த்தால் காசுதான் வீண்.

டி.எஸ்.எச். 0.4-க்குக் கீழே போயிருந்தால் நிறுத்த வேண்டியது அமுக்கராவைத்தான். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘மூலிகை வேலை செய்கிறது, இனி மாத்திரையைக் குறைக்கலாம்’ என்று 75-ஐப் பாதியாக உடைக்கிறார்கள். காப்ஸ்யூல் தீர்ந்துபோன பிறகு தூண்டலும் போய், மாத்திரையும் குறைந்து, இரண்டு மாதத்தில் உடம்பு வீங்கி அசந்து நிற்கும். சுரப்பியை அறுவையில் முழுதாக எடுத்தவருக்கோ தூண்டுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. மருத்துவரும் இதே வலையில் சிக்கலாம், நீங்கள் அமுக்கரா எடுப்பது தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்து அளவைக் குறைத்துவிடுவார். மருந்துச் சீட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

டி.எஸ்.எச். ஏறியிருந்தால் முதலில் காபி, பால், கால்சியம், மலச்சிக்கலுக்கு எடுக்கும் இசப்கோல் ஆகியவற்றின் இடைவெளியைச் சரிபாருங்கள்.

ஈரலை மறந்துவிட வேண்டாம். அரிதுதான், ஆனால் அமுக்கராவால் மஞ்சள் காமாலை வந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் வருகிறது. சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, உடம்பு முழுக்க அரிப்பு, பசியே இல்லாமை, கண் மஞ்சள் இதில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்தி எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் பார்க்க வேண்டும். குணமான பிறகு மறுபடி முயலக் கூடாது.

எல்லாம் சரியாகப் போனாலும் 8 முதல் 12 வாரத்தோடு நிறுத்துங்கள், நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் அதோடு முடிகின்றன. அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே. நிறுத்தி 6 முதல் 8 வாரத்தில் இன்னொரு டி.எஸ்.எச். பாருங்கள், பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று தெரிய.

பக்கத்து டப்பாக்கள்

அதே அலமாரியில் இருக்கும் அதிமதுரம் தினசரி எடுத்தால் சிறுநீரகத்தில் கார்டிசாலை உடைக்கும் நொதியைத் தடுத்து, பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். இருமலுக்கு இரண்டு நாள் மென்றால் பயமில்லை, மாதக்கணக்கில் கஷாயம் வேண்டாம். குக்குலு, கடல்பாசி சேர்ந்த ‘தைராய்டு சப்போர்ட்’ காப்ஸ்யூல்கள் நேரடியாகவே சுரப்பியைச் சீண்டுபவை. அவற்றை அமுக்கராவோடு சேர்த்து எடுக்கவே கூடாது.