சிங்கவால் குரங்கைப் பார்க்க வால்பாறைக்கு வருகிறவர்களுக்கு

ஒராங்குட்டானைக் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்று என் வண்டியில் வருகிறவர்கள் சிலர் ஆசையாகப் பேசுவார்கள். அதற்கு போர்னியோவுக்கோ சுமத்ராவுக்கோதான் போக வேண்டும். முடிந்தவர்கள் போய் வாருங்கள். ஆனால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத ஒரு குரங்கை நம் ஊரிலேயே பார்க்கலாம். நான் வால்பாறை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன், இப்போது பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டுகிறேன். கேட்பவர்களுக்கு வழியில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். குரங்கு அருவிப் பக்கம் சாலையோரம் உட்கார்ந்திருப்பது சாதாரண நாட்டுக் குரங்கு. மேலே போகப் போக மரத்தில் கறுப்பாக ஏதாவது தெரிந்ததும் சிங்கவால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பு கறுப்பு, தலைமுடி பழுப்பு, வால் நீளமாகத் தொங்குகிறது என்றால் அது கருமந்தி. லேகியத்துக்கென்று ஒரு காலத்தில் சுட்டுத் தீர்த்தார்களே, அந்தப் பாவப்பட்ட ஜீவன். சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி இருக்கும். வால் குட்டை, நுனியில் குஞ்சம். சோலைமந்தி என்றும் சொல்வோம்.

எங்கே பார்ப்பது? வால்பாறை டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் புதுத்தோட்டம்தான் நல்ல இடம். ஒரு காலத்தில் இந்த மலை முழுக்க ஒரே மழைக்காடு. தேயிலைக்காக வெட்டியது போக அங்கங்கே துண்டு துண்டாக நிற்கிறது. புதுத்தோட்டத்துக் காடும் அப்படி ஒரு துண்டுதான். மரத்தை விட்டு இறங்காத குரங்கு அங்கே தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலம் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

முந்தின நாளே மேலே வந்து தங்கி, காலையில் வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்விடுவது நல்லது. வண்டியை ஓரமாக விட்டு, இன்ஜினை அணைத்து, பேச்சையும் நிறுத்துங்கள். கண்ணைவிடக் காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும். இலை மேல் தோலும் கொட்டையும் சொத் சொத்தென்று விழும் சத்தம் கேட்டால் அந்த மரத்தையே பாருங்கள். தேயிலை பறிக்கும் அக்காமாரிடம் கேட்டால் இன்னும் சுலபம். "அக்கா, மந்தி எந்தப் பக்கம் போச்சுங்க?" என்றால், "இப்பத்தான் பலாமரத்துப் பக்கம் போச்சு தம்பி, சத்தம் போடாமப் போங்க" என்று கைகாட்டுவார்கள்.

வெடிப்பலா மரம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒராங்குட்டான் விரும்பித் தின்னும் துரியனுக்குச் சொந்தக்கார மரம் இது. காய் முழுக்க முள். சிங்கவால் அந்த முள்ளைச் சட்டை செய்யாமல் கையாலும் பல்லாலும் பிளந்து, உள்ளே இருக்கும் விதையைக் கன்னப் பையில் அடக்கிக்கொள்ளும். கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டு அது நம்மைப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும்! கம்பளிப்பூச்சி கிடைத்தால் இலையில் வைத்துத் தேய்த்து, சுணையை உதிர்த்துவிட்டுத்தான் வாயில் போடும். இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் இருந்தால் கழுத்து வலிப்பதே தெரியாது. படம் எடுத்தவுடன் கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். என் வண்டியிலிருந்து யாரும் தின்பண்டம் போடக் கூடாது. சிப்ஸ் ருசி கண்ட குரங்கு ரோட்டுக்கு வரும், வளைவில் வரும் வண்டிக்கு அது தெரியாது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி விடும் இனம் இது. ஒரு தாய் அடிபட்டால் அந்தக் கூட்டம் மீண்டு வர எத்தனை காலமாகும் என்று யோசியுங்கள். கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று அத்தனை பேர் போராடியபோது இந்தக் குரங்குதான் அதற்கு அடையாளமாக இருந்தது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அப்படிக் காப்பாற்றிய இனம் ஒரு முறுக்குப் பாக்கெட்டுக்காகச் சாக வேண்டாம்.

கண்ணுக்கு நேராக முறைத்துப் பார்ப்பது குரங்குகளுக்குச் சண்டைக்கு அழைப்பதாகப் படும். குட்டி வைத்திருக்கும் தாய் பக்கத்தில் இருந்தால் இன்னும் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். மேலே எதுவும் தெரியாது, கீழே அட்டை ஏறும். டிசம்பரிலிருந்து மே வரை வசதி. அட்டைக்கு முழங்கால் வரை வரும் காலுறை போதும். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் உப்பு வையுங்கள், தானே விழும். கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காடு எஸ்டேட்டுக்குள் இருப்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள், சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் நடக்க வேண்டாம், யானையும் சிறுத்தையும் நடமாடும் இடம். எஸ்டேட் பக்கம் உயரத்தில் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.