பெடலை மிதிப்பதற்கு முன் ஆம்பைப் பழகுங்கள்

எலெக்ட்ரிக் கித்தாரும் ஓவர்டிரைவ் பெடலும் (காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி) எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்த தம்பி ஒருவர் முதல் பாட்டு முடிந்ததும் கேட்டார்: “அண்ணா, வீட்டில் இந்தப் பெடல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. இங்கே வந்ததும் சேறாகிவிட்டது. பெடல் போய்விட்டதா?” பெடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் அவர் ஆம்பின் (கித்தாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வால்யூமை 2-இல் வைத்து, பாஸை (கீழ் ஒலி) 7 வரை ஏற்றி, கரகரப்பின் அளவைக் கூட்டும் பெடலின் டிரைவையும் நன்றாகத் திருகி வைத்திருந்தார். டிரம்ஸோடு வாசிக்கும்போது வால்யூம் 5-க்குப் போனது. மற்ற நாப்கள் எல்லாம் வீட்டில் நின்ற இடத்திலேயே நின்றன. ஆம்பே கரகரக்கத் தொடங்கிய பிறகு, அதற்குள் பெடலின் கரகரப்பும் அத்தனை பாஸும் சேர்ந்து போனால் சேறுதான் வரும்.

நானும் நாலைந்து வருடம் இதையே செய்தேன். பெடல் சரியில்லை என்று விற்பேன், இன்னொன்று வாங்குவேன், அதுவும் சரியில்லை என்று தோன்றும். ஆம்பை மட்டும் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து கேட்டதில்லை. ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணி ஆம்ப்) வைத்திருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெடலைக் கழற்றிவிட்டு கித்தாரை நேராக ஆம்பில் செருகுங்கள். பழைய பாணி ஆம்பில் பெடலும் ஆம்பும் சேர்ந்தது ஒரே வாத்தியம். பாதி வாத்தியத்தைத் தெரியாமல் மீதிப் பாதியைச் சரிசெய்ய முடியாது.

என்னுடையது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப். 1960களின் பிளாக்ஃபேஸ் (கறுப்பு முகப்புத் தகடு) வடிவமைப்பின் மறுபதிப்பு. 22 வாட், இரண்டு 6வி6 ட்யூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். நான் சொல்லும் எண்கள் இதற்கானவை. உங்கள் ஆம்புக்கு எண் மாறும், முறை மாறாது.

கித்தாரின் வால்யூம், டோன் இரண்டும் 10-இல் இருக்கட்டும். ஆம்பில் டிரெபிள் (மேல் ஒலி) 5, பாஸ் 3, ரிவர்ப் (எதிரொலி) பூஜ்யம். இப்போது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, காது அதே உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள், அல்லது ஆம்பைப் பின்பக்கம் சாய்த்து வையுங்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் டிரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். ஆம்ப் முழங்காலுக்குக் கீழே இருக்க, நின்றபடி டோன் வைத்தால் உங்களுக்கு மங்கலாகத்தான் கேட்கும். அதற்காக டிரெபிளை ஏற்றினால் எதிரே இருப்பவர்களின் காதைக் குத்தும்.

வால்யூமை 2-இலிருந்து அரை அரையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே கார்டை இரண்டு முறை வாசியுங்கள், ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தி. மெதுவாக வாசித்தால் சுத்தமாகவும், அழுத்தினால் ஓரத்தில் லேசாகக் கரகரப்பும் வருகிற ஓர் இடம் இருக்கும். அதுதான் பிரேக்அப் தொடங்கும் இடம். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) உள்ள கித்தாரில் எனக்கு அது நாலரையில் வருகிறது. சிக்னல் கூடுதலான ஹம்பக்கர் பிக்கப் என்றால் நாலுக்கு முன்பே வந்துவிடும். அந்த இடத்தில் சின்ன டேப் ஒட்டி வையுங்கள். ஓவர்டிரைவ் பெடலை எப்படி வைப்பது என்ற கேள்வியில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஏன் அந்த இடம்? பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் சாதாரணமாக ஒரு வோல்ட்டில் சில பத்தில் ஒரு பங்குதான். ஆம்பின் முதல் ட்யூபான 12ஏஎக்ஸ்7-இல் அலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரக்க வேண்டுமானால் ஒரு வோல்ட்டுக்கும் மேல் தேவை. கித்தாரால் அது எளிதில் முடியாது. பெடலிலிருந்து வெளியேறும் சிக்னலைக் கூட்டும் லெவல் நாபால் முடியும். ஆம்ப் ஏற்கெனவே விளிம்பில் நின்றால், அந்தக் கூடுதல் சிக்னல் அதை மெல்லத் தள்ளிவிடுகிறது. அப்போது கேட்கும் கரகரப்பில் பெரும்பகுதி ட்யூபுடையது. விரலின் அழுத்தத்துக்கு அது பதில் சொல்லும். அந்த உணர்வுக்காகத்தானே இவ்வளவு கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

சரி, இப்போது பெடல். நாபைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: டிரைவ் பூஜ்யம், டோன் 12 மணி, லெவல் 12 மணி. பெடலை ஆன், ஆஃப் செய்து பார்த்து, இரண்டிலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி லெவலை நகர்த்துங்கள். அது உங்கள் சம நிலை. அங்கிருந்து லெவலை மட்டும் 3 மணி வரை கொண்டுபோங்கள். டிரைவைத் தொடவே கூடாது. ஆம்ப் தானே கொதிக்கத் தொடங்குவது கேட்கும். அது போதும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். போதவில்லை என்றால்தான் டிரைவ், அதுவும் 9 மணி, 10 மணி என்று. டிரைவை ஏற்றும்போது லெவலும் கூடுகிறது, ஆகவே கொஞ்சம் லெவலைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் சத்தம் கூடியதையே நல்ல டோன் என்று காது நம்பிவிடும்.

எந்தப் பெடல் என்று கேட்டால், ஆம்பில் எது குறைகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பிளாக்ஃபேஸ் ஃபெண்டரில் குறைவது மிட், அதாவது நடு ஒலி. அதன் டோன் சர்க்யூட் 400–500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைப் பள்ளமாக வெட்டுகிறது. டீலக்ஸ் ரிவர்பில் மிட் நாபே கிடையாது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் இதற்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது அதன் சர்க்யூட்டைப் பார்த்தால் புரியும். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கு அது கெயினை (பெருக்கத்தை) குறைத்துக்கொண்டே போகிறது. மேலே உள்ள கூர்மையை டோன் பகுதி மழுக்குகிறது. நடுவில் ஒரு மேடு மிஞ்சுகிறது. ஆம்பின் பள்ளமும் பெடலின் மேடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், டிரம்ஸுக்கும் பேஸ் கித்தாருக்கும் நடுவே உங்கள் சோலோ மேலே வந்து நிற்கும். புளூஸ் கித்தார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்க்ரீமரையும் ஃபெண்டர் ஆம்புகளையும் சேர்த்து வாசித்தவர். அவருடைய ஆம்ப் நல்ல சத்தத்தில் இருந்தது என்பதை மறந்துவிட்டு, பெடலை மட்டும் வாங்கி அந்த ஒலியைத் தேடுவதில் பயனில்லை. பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி-1 பெடலும் இதே குடும்பம்தான், 1981-இல் வந்தது. அலையின் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வெட்டாததால் கரகரப்பில் கொஞ்சம் சொரசொரப்பு கூடுதல். எனக்கு அது பிடிக்கும்.

பிளாக்ஃபேஸில் இன்னொன்றும் உண்டு. டோன் நாப்கள் முதல் ட்யூப் கட்டத்துக்குப் பிறகும், வால்யூமுக்கு முன்பும் இருக்கின்றன. அதாவது பாஸைக் குறைத்தால் அடுத்து வரும் ட்யூப்களுக்குள் போகும் பாஸே குறைகிறது, கரகரப்பு இறுக்கமாகிறது. அதனால்தான் பாஸை 3-இல் வைக்கச் சொன்னேன். பெடல் போட்டதும் ஒலி தொளதொளவென்று இருந்தால் பெடலைக் குறை சொல்வதற்கு முன் பாஸை 2-க்கு இறக்கிப் பாருங்கள்.

டீலக்ஸ் ரிவர்பின் வைப்ரேட்டோ சேனலில் வால்யூம் நாபின் மேல் 47 பிகோஃபாரட் பிரைட் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. வால்யூம் குறைவாக இருக்கும்போது அது டிரெபிளைத் தனி வழியில் உள்ளே விடுகிறது. ஏற ஏற அதன் வேலை மங்கிவிடும். வால்யூம் 3-இல் பெடல் போட்டதும் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தால் இதுதான் காரணம். நார்மல் சேனலில் இந்தக் கப்பாசிட்டர் இல்லை. ரிவர்ப் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்றால், பெடலுக்கு அந்தச் சேனல்தான் எனக்குச் சாந்தமாகத் தெரிகிறது.

1950களின் ட்வீட் டீலக்ஸ் (5இ3) வகை வேறு கதை. அதில் பவர் பகுதியில் நெகடிவ் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஒலியைச் சுத்தமாக்கும் இணைப்பு) கிடையாது. சீக்கிரமே கரகரக்கும், மிட் நிறைய உண்டு, பாஸ் இளகும். இதற்கு மிட் மேடு வேண்டாம், பாஸைக் கொஞ்சம் வெட்டித் தருகிற சுத்தமான பூஸ்ட் (கரகரப்புச் சேர்க்காமல் சிக்னலை மட்டும் கூட்டும் பெடல்) போதும். இன்னொரு விஷயம்: இந்த ஆம்ப் ஏற்கெனவே முழுதாகக் கொதித்துக்கொண்டிருந்தால் பெடலால் சத்தம் கூடாது. லெவலை எவ்வளவு திருகினாலும் கரகரப்பும் அழுத்தமும்தான் கூடும், சோலோ மேலே வராது. அதற்கு வழி கித்தாரின் வால்யூம். தாளத்துக்கு 6, சோலோவுக்கு 10. வால்யூமைக் குறைக்கும்போது கித்தார் மங்கிப்போனால், கித்தாரின் வால்யூம் நாபுக்கு உள்ளே, டிரெபிளைக் காக்கிற டிரெபிள் பிளீட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வாக்ஸ் ஏசி30 மாதிரி ஈஎல்84 ட்யூப் ஆம்புகளில் மேல் மிட்டும் டிரெபிளும் தாமாகவே பளிச்சென்று இருக்கும். 1960களின் நடுவில் வந்த டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற டிரெபிள் பூஸ்டரை ஐரிஷ் கித்தார் கலைஞர் ரோரி கல்லகர் போன்றவர்கள் இந்த ஆம்போடுதான் சேர்த்தார்கள். டிரெபிள் கூடுதலாக உள்ள ஆம்புக்கு இன்னும் டிரெபிளா என்று தோன்றும். ஆம்ப் நன்றாகக் கொதிக்கும்போது பாஸ் இல்லாத சிக்னல் உள்ளே போனால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும், டிரெபிளின் முனையை ட்யூபே மழுக்கிவிடும். ஆம்பைச் சுத்தமாக வைத்து இதைச் செய்தால் காது தாங்காது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள இந்த வகைப் பெடல் கித்தாருக்கு அடுத்து முதலாவதாக இருக்க வேண்டும். முன்னால் பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சர்க்யூட்) வந்தால் அதன் குணம் மாறிவிடும்.

மார்ஷல் ஜேடிஎம்45, பிளெக்ஸி வகைகளுக்கு மிட் போதுமான அளவு உண்டு. அங்கே எனக்கு வேண்டியது ஆம்பின் நிறத்தை மாற்றாத பெடல்.

ஆம்பை நாலரை வரை ஏற்ற முடியாத இடங்களும் உண்டு. 22 வாட் என்பது பார்க்கத்தான் சின்ன எண். அப்போது கரகரப்பு முழுவதையும் பெடலே தர வேண்டும். அதற்கு டியூப் ஸ்க்ரீமரை நான் எடுக்க மாட்டேன். சுத்தமான ஆம்பில் அது ஒல்லியாக, மூக்கால் பாடுகிற மாதிரி கேட்கிறது. பாஸ் நிறுவனத்தின் புளூஸ் டிரைவர் பிடி-2 மாதிரி, கீழ் ஒலியையும் விட்டுவைக்கிற பெடல் இங்கே மேல். டோனை 10 மணிக்கு இறக்கி, டிரைவ் 12 மணி, லெவல் சம நிலைக்குச் சற்று மேலே. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குப் பாஸும் டிரெபிளும் குறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே மெதுவான சத்தத்தில் வைத்த டோனை மேடைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே போனதும் பாஸிலிருந்து தொடங்கித் திரும்ப வையுங்கள்.

இரண்டு பெடல் என்றால், என் வரிசை இது: கித்தார், பிடி-2, டியூப் ஸ்க்ரீமர், ஆம்ப். முதலாவதை டிரைவ் குறைவாக எப்போதும் ஆனிலேயே விடுகிறேன். சோலோவுக்கு இரண்டாவதை மிதித்தால் மிட்டும் சத்தமும் சேர்ந்து எழும். திருப்பி வைத்தால் சத்தம் அவ்வளவாகக் கூடாது, கரகரப்பு கூடும். இரண்டும் தேவைப்படுகிற சந்தர்ப்பம் உண்டு, ஒரு மாலை முழுவதும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் டிரைவை ஏற்றினால் மட்டும் கார்டின் நடுக் குரல்கள் காணாமல் போகும், பிக்கப்பின் ஹம்மும் பெரிதாகும்.

பழைய பாணி ஆம்புகளில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் முன் பகுதிக்குப் பிறகு பெடலைச் செருகும் இணைப்பு) கிடையாது. எதிரொலி தரும் டிலே பெடலும் ஆம்புக்கு முன்னால்தான் நிற்க வேண்டும், எதிரொலிகளும் கரகரக்கும். டிலேயின் மிக்ஸை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். ஸ்ப்ரிங் ரிவர்பையும் 2-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடு முனை நெகடிவ். 18 வோல்ட் தாங்கும் என்று பெடலிலேயே எழுதியிருந்தால் தவிர அதைக் கொடுக்காதீர்கள். பாசிட்டிவ் கிரவுண்டில் ஓடும் பழைய பாணி ஜெர்மேனியம் பெடலை மற்றவற்றோடு ஒரே டெய்சி செயினில் (பல பெடலுக்கு மின்சாரம் பகிரும் ஒரே கேபிள்) இணைக்காதீர்கள், தனி பேட்டரி கொடுங்கள். சத்தத்தைக் குறைக்க அட்டென்யூவேட்டர் வாங்கினால் ஆம்பின் ஓமுக்குப் பொருந்த வேண்டும், டீலக்ஸ் ரிவர்புக்கு 8 ஓம். ஸ்பீக்கரோ, அதற்கு மாற்றான லோடோ இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆகவே பின் தகட்டைத் திறந்து கை வைக்காதீர்கள்.

நாப்களை வைத்து முடித்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு, ஓய்ந்த காதோடு அதே நிலையில் வாசியுங்கள். நான் அப்போது டோன் நாபை மட்டும்தான் தொடுவேன், பெரும்பாலும் கொஞ்சம் கீழே இறங்கும். முடிந்ததும் ஆம்பை அணைத்து, ட்யூப்கள் ஆறும் வரை பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். சூட்டோடு தூக்கி வண்டியில் வைத்து ஒருமுறை ஒரு 6வி6-ஐ இழந்தேன். அன்றிலிருந்து கேபிள்களைச் சுற்றி, பெடல்களைப் பெட்டியில் அடுக்கிய பிறகு, கடைசியாகத்தான் ஆம்பின் கைப்பிடியைத் தொடுகிறேன்.