தோட்டப்புற ஊரிலிருந்து அமைச்சு வரை: சிறு தொழிற்சாலைகள் மகஜர் தயாரிக்கும் முறை

“உற்பத்தித் துறை நாட்டின் முதுகெலும்பு” என்று தொடங்கும் மகஜரை (கோரிக்கை மனுவை) எந்த அதிகாரியும் இரண்டாம் பத்திக்கு மேல் படிக்கமாட்டார். அந்த முதுகெலும்பு விஷயம் அவருக்கே தெரியும். 2023-இல் மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 23 விழுக்காடு தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. ஏற்றுமதியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் தயாரிப்புப் பொருள்கள். கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியின் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் 40 பேர் வேலை செய்யும் ரப்பர் பட்டறை ஒன்றை இழுத்து மூடினால் அந்த ஊரில் எவ்வளவு பணப்புழக்கம் நின்றுபோகும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைக் கணக்காக்கி, சரியான மேசையில் வைக்க வேண்டும்.

தணிக்கை செய்த கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனையிலிருந்து வெளியே வாங்கிய எல்லாவற்றையும் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, விற்பனை 60 லட்சம் ரிங்கிட். ரப்பர், கரித்தூள், கந்தகம், இரும்பு உதிரிகள் 33 லட்சம். மின்சாரம் 7 லட்சத்து 20 ஆயிரம். லோரி வாடகை, தண்ணீர், பழுதுபார்ப்பு 1 லட்சத்து 80 ஆயிரம். மீதி 18 லட்சம். இதுதான் மதிப்புக்கூட்டு, ஆள் ஒன்றுக்கு 45,000 ரிங்கிட். இதில் சம்பளமும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களும் 12 லட்சம் என்றால், அந்தத் தொகையின் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கடைகளிலும் வாடகையிலும் பள்ளிக் கட்டணத்திலும் இறங்குகிறது என்று எழுதலாம். பலர் சறுக்குவது இங்கேதான். சம்பளத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டு வெறும் லாபத்தைக் காட்டுவார்கள். முதலாளியின் லாபம் குறைந்ததற்காக அரசாங்கம் கொள்கையை மாற்றாது.

கட்டணம் அதிகம் என்று புகார் சொல்வதற்கு முன் உங்கள் மின் பில்லைப் புரட்டிப் பாருங்கள். மின்திறன் காரணி (எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) 0.85-க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு அபராதம்; 0.75-க்குக் கீழே ஒவ்வொரு 0.01-க்கும் 3 விழுக்காடு. பில் 60,000 ரிங்கிட்டாகவும் காரணி 0.80 ஆகவும் இருந்தால், மாதம் 4,500 ரிங்கிட் வீணாகிறது. அந்தக் காரணியை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேங்க் பொருத்தினால், அல்லது ஏற்கெனவே இருப்பதில் செத்துப்போன கெப்பாசிட்டரை மாற்றினால், இது நின்றுவிடும். உச்சத் தேவைக் கட்டணம் உள்ள இணைப்பாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மாதத்தில் மிக அதிகமாக மின்சாரம் எடுத்த அந்த ஓர் அரைமணி நேரமே கணக்கில் வரும். காலை ஷிப்ட்டில் எல்லா அச்சு இயந்திரங்களின் ஹீட்டரையும் ஒன்றாகத் தட்டிவிட்டால் மாதம் முழுவதற்கும் அந்தச் சுமைக்குக் கட்ட வேண்டியதுதான். அரைமணிக்கு ஒரு வரிசையாக ஏற்றுங்கள். அபராதம் தெரியும் பில்லை மகஜரோடு இணைத்தால், விவரமறிந்த அதிகாரி முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யச் சொல்வார். அவர் சொல்வதில் தவறில்லை.

அடுத்தது, யாரிடம் போவது? நில வரியும் நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான பிரிமியமும் மாநில அரசு விவகாரம். மதிப்பீட்டு வரி, வியாபார லைசன்ஸ், தொழிற்பேட்டைக்குள் அடைத்துக் கிடக்கும் கால்வாய் ஆகியவை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. மின் கட்டணத்துக்கு மின் விநியோக நிறுவனமான டி.என்.பி.யின் கவுண்டரில் நின்று பயனில்லை. எரிசக்தி ஆணையமும் அமைச்சும் பார்க்கும் விஷயம் அது. அந்நியத் தொழிலாளர் லெவி, அதாவது அவர்களை வேலைக்கு வைக்கக் கட்டும் தீர்வை, கூட்டரசுடையது. தீபகற்பத்தில் உற்பத்தித் துறைக்குத் தலைக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட், தோட்டத் துறைக்கு 640. சாலைக்கு இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் தொழிற்சாலை என்று இருக்கும் நம் ஊர்களில் இந்த வேறுபாடு எடுபடக்கூடிய வாதம். ஒரே வேலைக்கு மூன்று இலாகாக்களில் ஒரே பாரத்தை நிரப்பச் சொல்கிறார்கள் என்பது போன்ற விதிமுறைச் சுமையென்றால், மலேசிய உற்பத்தித்திறன் கழகத்திடம் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டைத் தொட்டிருந்தாலோ முழுநேர ஊழியர் 75 பேர் இருந்தாலோ, 1975-ஆம் ஆண்டுத் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின்படி உற்பத்தி லைசன்ஸ் வேண்டும். அது இல்லாமல் அமைச்சுக்கு மகஜர் அனுப்புவது வலியப்போய் மாட்டிக்கொள்வது.

மகஜர் மலாய் மொழியில், ஒரே பக்கம். ஒரு கோரிக்கை மட்டும். பதினொன்று கேட்டால் ஒவ்வோர் இலாகாவும் இது அடுத்தவர் வேலை என்று தள்ளிவிடும். பிரச்சினை இரண்டு வரி, கணக்கு நான்கு வரி, என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு வரி. “உதவி செய்யுங்கள்” என்பது கோரிக்கையே அல்ல. எந்த விகிதம், எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். நாலைந்து பட்டறைகள் சேர்ந்து கையெழுத்திட்டால் கனம் கூடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் விற்பனை விலையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். கூடிப் பேசி விலை வைத்ததாக 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் போய் விழும். கூட்டக் குறிப்பு எழுதி வையுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் நகலைக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் சாப்பு (முத்திரை) வாங்குங்கள். சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம். அதே வாரத்தில் அங்கே தீபாவளி ஹேம்பரோ (பரிசுக்கூடையோ) நிகழ்ச்சி நன்கொடையோ கொடுக்க வேண்டாம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனி சார்பில் யாராவது லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி. அபராதம் குறைந்தது, லஞ்சமாகக் கொடுத்ததைப்போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது.

கெடாவில் மாநில அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. கூட்டரசு அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவுக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஆள் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். தொலைபேசிப் பின்தொடர்தலை அந்த நான்கு நாளில் வையுங்கள். அண்மைய ஆண்டுகளில் கூட்டரசு வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகிறது. வரி, லெவி தொடர்பான மகஜர் செப்டம்பரில் போனால் அடுத்த ஆண்டுக் கோப்புக்குத்தான் போகும். மே மாதத்திலேயே நிதி அமைச்சில் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால், நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் கேட்பதற்கான ஒரு கேள்வியை நீங்களே எழுதி அவருடைய உதவியாளரிடம் கொடுங்கள். ஒரே வாக்கியம், வாதம் இல்லாமல், விவரம் கேட்பதாக மட்டும் இருக்க வேண்டும். அமைச்சர் அவையில் தரும் பதில் நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு, அடுத்த கடிதத்தின் முதல் வரியில் அதை மேற்கோளாக இடுங்கள்.