காட்டுக்குள் அனுப்பும் முன் பையனுக்குச் சில ஏற்பாடுகள்

நான் எழுதிய முதல் காட்டுக்கதையில் 12 வயதுப் பையன் ஒருவன் சிறுத்தையை உண்டிவில்லால் அடித்து விரட்டுவான். அப்போது கோத்தகிரிக்குக் கீழே ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுதிய சூட்டோடு வகுப்பில் வாசித்தேன். முன்வரிசை கைதட்டியது. குறும்பர் பழங்குடி ஊரிலிருந்து நடந்து வரும் ஒருவன் மட்டும் புரியாத முகத்தோடு எழுந்து நின்றான். "அத எதுக்கு டீச்சர் அடிக்கணும்? சும்மா நின்னா அதுவே போயிருமே."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "சரி, நீ காட்டுல எதுக்குடா பயந்திருக்க?" என்று கேட்டேன். கரடி என்பான் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க மாமா தேன் எடுக்க இறங்குனப்ப. கயித்த விட்டுருவனோன்னு" என்றான்.

பதினைந்து வருஷமாகச் சிறுவர் கதை எழுதுவதற்கு அந்தப் பதில்தான் எனக்கு முதல். எப்படி எழுதுவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதல் வேலை, பையனுக்கு எதிரி தேடுவதை நிறுத்துங்கள். புலியா கரடியா கொள்ளைக்காரனா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் யாரை விட்டுவிட்டு வரமாட்டான் என்று கேளுங்கள். பதில் ஒரே ஓர் ஆளாக இருக்கட்டும். "ஊரைக் காப்பாற்ற", "காட்டைக் காப்பாற்ற" என்று ஆரம்பித்தால் எட்டாம் பக்கத்தில் பையன் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவான்.

நீலகிரிப் பக்கம் மலைத்தேன் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் சொல்வார்கள். செங்குத்துப் பாறையில் ஒருவன் கயிற்றில் இறங்கும்போது உச்சியில் கயிற்றுக்குக் காவல் நிற்கிறவன் அவனுடைய மைத்துனன். கூடப்பிறந்தவனை நிறுத்துவதில்லை. அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம். மைத்துனன் கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவன் அக்காதான். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் கணக்கு சரியான கணக்கு. உறவு, அதற்கான காரணம், தவறினால் என்ன போகும் என்பது எல்லாம் ஒரே முடிச்சில் வந்துவிடுகிறது. உங்கள் கதையிலும் அப்படி ஒரு முடிச்சு வேண்டும்.

"விசுவாசம்" என்ற சொல்லை மட்டும் கதைக்குள் விடாதீர்கள். தமிழில் அது பாதி நாய்க்கும் பாதி எஜமானுக்கும் போய்விட்டது. நம்மிடம் "கைவிடாமல்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லக்கூட வேண்டாம், கையால் செய்து காட்டினால் போதும்.

அடுத்து எடைக்கணக்கு. 12 வயதுப் பையன் முப்பத்தைந்து கிலோ இருப்பான். அவன் எழுபது கிலோ மாமாவைக் கயிற்றோடு இழுத்துத் தூக்கினான் என்று எழுதினால் படிக்கிற பையனே நம்பமாட்டான், அவனும் முப்பத்தைந்து கிலோதான். என் மாதன் (அந்தக் கதையைத் திருப்பி எழுதியபோது வைத்த பெயர்) மாமாவைத் தூக்குவதில்லை. கயிறு மரத்தில் கட்டியிருக்கிறது. பாறை விளிம்பில் கயிறு உரசாமல் அடியில் மடித்த சாக்கை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பது அவன் வேலை. கீழேயிருந்து கயிறு சுண்டினால் பதில் சுண்ட வேண்டும். அவ்வளவே. ஒரு சிறுவனால் செய்ய முடிகிற வேலை, ஆனால் பாதியில் விட முடியாத வேலை. இந்த இரண்டும் சேரும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சாகசம் தானாக வரும்.

திருத்தியதை மறுவாரம் அதே பையனிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மரம் எம்மாம் பெருசு டீச்சர்?" என்றான். நான் மரத்தைப் பற்றி எழுதவே இல்லை. ஜன்னல் கம்பியில் பம்பரச் சாட்டையைக் கட்டி, முடிச்சு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று காட்டினான். கதையில் அந்த முடிச்சுக்கு இரண்டு வரி சேர்த்தேன். இன்றுவரை பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பது அந்த இரண்டு வரியைப் பற்றித்தான்.

தைரியத்துக்கு வருவோம். குறுந்தொகை 273ஆம் பாட்டில் ஒரு மடையன் வருகிறான். மலையில் பெருந்தேன் தொங்குவதைப் பார்த்து, அங்கே கிடந்த பழைய மால்பில், அதாவது தேனெடுக்கிறவர்களின் ஏணியில், அதன் நிலை தெரியாமல் ஏறிவிடுகிறான். பாட்டு அவனை வீரன் என்று சொல்லவில்லை, மடவோன் என்கிறது. நமக்கு வரும் காட்டுக்கதைகளில் பாதிப் பையன்கள் இந்த மடவோன்தான். ஏணியை ஆட்டிப் பார்க்காமல் ஏறுகிறவன் பயப்படவில்லை என்பதில் என்ன பெருமை இருக்கிறது? அவனுக்குத்தான் விஷயமே தெரியாதே. உங்கள் பையன் முதலில் ஏணியை ஆட்டிப் பார்க்கட்டும். எந்தக் கண்ணி இற்றுப்போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு, மேலே இருப்பவனுக்காக ஏறட்டும்.

இனி பயத்தை எழுதுவது எப்படி என்று பார்ப்போம். என் பழைய நோட்டில் இருப்பது இது:

"மாதன் பயத்தில் நடுங்கினான். ஆனாலும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, மாமாவைக் காப்பாற்றியே தீருவேன் என உறுதி பூண்டான்."

இதில் தேனீயும் இல்லை, கயிறும் இல்லை, மாதனும் இல்லை. எந்த மலையிலும் எந்தப் பையனுக்கும் ஒட்டவைக்கலாம். நாலைந்து தடவை கிழித்துப் போட்ட பிறகு வந்தது இது:

"முதல் தேனீ காதுக்குப் பின்னால் கொட்டியது. இரண்டாவது இமையில். மாதன் தலையைத் தோளில் தேய்த்தான். இரண்டு கையும் சாக்கின்மேல் இருந்தன. சாக்குக்கு மேலே கயிறு கிறுக், கிறுக் என்று நகர்ந்தது. வாயில் எச்சில் இல்லை. மாமா சொல்லிக்கொடுத்த பாட்டில் முதல் அடிதான் நினைவுக்கு வந்தது. அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தான். கீழேயிருந்து கயிறு இரண்டு தரம் சுண்டியது. இன்னும் கொஞ்ச நேரம் என்று அர்த்தம். மாதனுக்கு அழுகை வந்தது. அழுதான். கை நகரவில்லை."

அழவிட்டது பற்றி ஒரு பத்திரிகையில் ஆட்சேபம் வந்தது, "நாயகன் அழலாமா" என்று. நான் மாற்றவில்லை, கதை இரண்டு வருஷம் தள்ளி வேறோர் இதழில் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடையில் கிழித்துப் போட்ட ஒன்றில் இருபது தேனீ கொட்டியது. எண்ணிக்கையைக் குறைக்கக் குறைக்கத்தான் வலி கூடியது. இமையில் கொட்டிய ஒன்று போதும்.

காட்டைத் தெரிந்துகொள்ளாமல் இதையெல்லாம் செய்ய முடியாது. மலைத்தேனீயின் அடை பொந்துக்குள் இருப்பதில்லை, பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்தவெளியில் தொங்கும். ஒற்றை அடை ஒரு மீட்டர் அகலம்கூட வரும். மேலே தேனீக்கள் திரை போட்டதுபோல் மொய்த்திருக்கும். குளவி நெருங்கினால் அந்தத் திரையில் அலை ஓடும், ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வருவது அது. அலையைப் பார்த்ததும் "இப்ப வேணாம் மாமா" என்று சொல்லத் தெரிந்த பையன், கத்தியை உருவுகிறவனைவிட எனக்குப் பிடித்தவன்.

யானைக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் அதிகம். அதனால் பையன் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. ஒரு பிடி புழுதியைத் தூவிவிட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம். கடமானும் குரங்கும் மாறி மாறிக் கத்தினால் பக்கத்தில் ஏதோ வேட்டை விலங்கு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நீலகிரிக் காட்டில் சிங்கத்தை விடாதீர்கள், இந்தியாவில் அது குஜராத்தின் கிர் பக்கம்தான். சிரிக்காதீர்கள், போன வருஷம்கூட அப்படி ஒரு கதை என் மேஜைக்கு வந்தது.

பாம்புக்கடியில் மட்டும் மன்னிப்பே கிடையாது. தோழனைக் கடித்த இடத்தைக் கீறி, வாயால் உறிஞ்சித் துப்பும் நாயகனை எத்தனை கதையில் பார்த்துவிட்டோம்! அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை நிஜத்தில் செய்துபார்த்தால்? இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் வழி.

கதைக்காரருக்கு அங்கேதான் நல்ல சிக்கல் கிடைக்கிறது. காட்டில் இரண்டே பேர். போனில் சிக்னல் இல்லை, 108ஐக் கூப்பிட மேட்டுக்குப் போக வேண்டும். "என்ன விட்டுட்டுப் போவாதடா" என்கிறான் கடிபட்டவன். இருந்தால் சாவான். போனால் கைவிட்டதுபோல் ஆகும். கயிற்றைப் பிடித்திருப்பதுதான் விசுவாசம் என்று இதுவரை சொன்ன நானே இங்கே கயிற்றை விடச் சொல்கிறேன். பையன் போக வேண்டும். போகும்போது தன் டார்ச்சை அவன் கையில் வைத்துவிட்டு இருட்டில் போகட்டும். விளக்கில்லாமல் ஓடுகிற அந்த அரை மணி நேரத்துக்கு நான்கு பக்கம் தாராளமாகக் கொடுங்கள்.

பிள்ளைகளால் இவ்வளவு முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கொலம்பியாவைச் சொல்வேன். 2023 மே 1 அன்று ஒரு சின்ன செஸ்னா விமானம் அமேசான் காட்டில் விழுந்தது. தாய் உட்படப் பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் ஹுய்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு பிள்ளைகள், வயது 13, 9, 4, கடைசிக்கு 11 மாதம். ஜூன் 9 அன்று, 40 நாள் கழித்து, நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவு, அது தீர்ந்ததும் காட்டுப் பழம், விதை. எதைத் தின்னலாம் என்பது மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. யாரையும் அவள் அடிக்கவில்லை, எந்த மிருகத்தையும் வெல்லவில்லை. கைக்குழந்தையை இறக்கி வைக்கவில்லை, அதுதான் கதை. (தேடப்போன ராணுவ நாய் வில்சன் திரும்பி வரவே இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன், நெஞ்சு தாங்குமா தெரியவில்லை.)

உச்சக்கட்டம் முடிந்ததும் பாராட்டு விழா வைக்காதீர்கள். கலெக்டர் வந்து பதக்கம் போட்டால் அதுவரை எழுதியதெல்லாம் வீண். மறுநாள் காலையை எழுதுங்கள். மாதனுக்கு ஒரு கண் திறக்கவில்லை. அக்கா நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டே அவனையும் திட்டுகிறாள், புருஷனையும் திட்டுகிறாள். மாமா ஒன்றும் பேசாமல் அடையில் ஒரு துண்டு பிய்த்து, முதலில் அவன் இலையில் வைக்கிறார். பிறகு பள்ளிக்கூடம். கண் என்னடா ஆச்சு என்று டீச்சர் கேட்கிறாள்.

"தேனீ டீச்சர்" என்றுவிட்டு அவன் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறான்.