'பொசஷன்' படத்தில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

1981இல் வெளிவந்த 'பொசஷன்' படத்தைப் பார்த்து முடித்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஜந்துவுக்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். கோவையில் சிறிய அரங்குகளில் உலகப் படங்களைத் திரையிட்டுப் பேசும் கூட்டங்களிலும், திருப்பூரிலோ ஈரோட்டிலோ நண்பர்கள் நான்கு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் இடங்களிலும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே ஆரம்பிப்பதே முதல் தவறு. இது கணவனும் மனைவியும் பிரிகிற கதை. அந்தப் பிரிவைக் கண் விலக்காமல் பார்க்காதவருக்கு ஜந்து பிடிபடாது. (கதை முழுவதையும் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

மார்க் உளவு வேலையை முடித்துக்கொண்டு மேற்கு பெர்லினில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்புகிறான். மனைவி அன்னா பிரிந்துவிட வேண்டும் என்கிறாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நடுவில் பாப் என்ற சிறு பையன். ஹைன்ரிஷ் என்ற காதலன் இருப்பது தெரியவருகிறது. பிறகு அவனையும் விட்டுவிட்டு அவள் வேறெங்கோ போய்வருவது தெரிகிறது. பாழடைந்த ஓர் அடுக்ககத்தில் அவள் எதையோ வளர்க்கிறாள். அதுதான் அந்த ஜந்து. அவளைத் தேடி அங்கே போகும் துப்பறிபவர்கள் உயிரோடு திரும்புவதில்லை. இயக்கியவர் போலந்தைச் சேர்ந்த ஆந்த்ஜெய் ஜுவாவ்ஸ்கி. அன்னாவாக நடித்த இசபெல் அஜானிக்கு அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மார்க்காக வருபவர் சாம் நீல்.

ஜந்து வருவதற்கு வெகு முன்பே வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பிரிவுக்கான நிபந்தனைகளைப் பேச இருவரும் ஒரு காபிக் கடையில் சந்திக்கிறார்கள். உட்காரும் இடம் ஒரு மூலை. இந்தச் சுவரில் முதுகு சாய்த்து இவன், அடுத்த சுவரில் முதுகு சாய்த்து அவள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பையன் யாரிடம், பணம் எவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். அடுத்த நிமிடம் அவன் எழுந்து நாற்காலிகளைத் தூக்கி வீசுகிறான். சமையல்காரர்கள் ஓடிவந்து அவனை அமுக்குகிறார்கள். இதில் புதிர் எதுவும் இல்லை. ஆனாலும் பின்னால் வரும் பயங்கரம் அத்தனையும் இந்த மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. இதை வேகமாக ஓட்டிவிட்டு ஜந்துவுக்காகக் காத்திருப்பவர் படத்தின் பாதியை இழந்துவிடுகிறார்.

அடுத்த தவறு, அகராதி வைத்துக்கொண்டு பார்ப்பது. பால் என்றால் தாய்மை, முட்டை என்றால் கரு, நீலம் என்றால் துயரம் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டும் பழக்கம் சுரங்கப்பாதைக் காட்சியில்தான் அதிகம் தலைகாட்டுகிறது. அன்னா காய்கறிப் பையோடு ஆளில்லாத நடைபாதையில் சிரித்துக்கொண்டே வருகிறாள். சிரிப்பு கூச்சலாகிறது. பையைச் சுவரில் அடிக்கிறாள், பால் தெறிக்கிறது. உடல் முறுக்கிக்கொள்கிறது, தரையில் புரள்கிறாள், கடைசியில் உடலிலிருந்தே ரத்தமும் வெள்ளைத் திரவமும் வழிகின்றன. 'பால் என்றால் தாய்மை' என்று எழுதி முடித்தவுடன் இந்தக் காட்சி செத்துவிடுகிறது. வீட்டுக்குச் சமைக்க வாங்கிய பொருள்கள் அவள் கையாலேயே சுவரில் உடைகின்றன என்பதைப் பாருங்கள். முதலில் பையில் இருந்தது சிந்துகிறது, பிறகு அவளுக்குள் இருந்தது சிந்துகிறது. அந்த வரிசைதான் முக்கியம். பிறகு அவளே மார்க்கிடம் சொல்கிறாள், அன்று தன்னிடமிருந்து கலைந்து போனது 'நம்பிக்கை' என்ற சகோதரி, மிஞ்சி நிற்பது 'தற்செயல்' என்ற சகோதரி என்று. அவள் இவ்வளவு சொன்ன பிறகும் பாலுக்கு அகராதி புரட்டுவது வீண் வேலை.

நம் பக்கத்தில் இந்தக் காட்சிக்கு வேறொரு விளக்கமும் வருகிறது. "அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்பார்கள், அல்லது செய்வினை என்பார்கள். அப்படிச் சொல்பவர்களை அறியாதவர்கள் என்று தள்ள எனக்கு மனமில்லை. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, பூவோடு (தீச்சட்டி) எடுக்கும் நாட்களில் அருள் வந்து ஆடும் உடலைச் சிறு வயது முதல் பார்த்தவர்கள் நாம். அன்னாவின் உடல் முறுக்கும்போது நமக்கு அது ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயிலில் அருள் வந்தவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இருப்பார்கள். மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், திருநீறு பூசுவார்கள், "வந்திருப்பது யார், என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள். வாயில் வரும் சொல்லுக்கு ஊரே காது கொடுக்கும். சுரங்கப்பாதையில் அன்னாவைப் பிடிக்க ஒருவரும் இல்லை, கேட்கவும் ஆளில்லை. அதற்கு முன் தேவாலயத்தில் சிலுவையை அண்ணாந்து பார்த்து அவள் முனகுகிறாள். அங்கிருந்தும் பதில் வரவில்லை. பேய் என்று பெயர் வைத்துவிட்டால் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற இந்தச் செய்தி மறைந்துபோகிறது. அவள் வலி முழுவதும் வெளியிலிருந்து வந்து ஏறிய ஏதோ ஒன்றின் வேலை என்றாகி, அதற்கு முன் நாம் பார்த்த கணவனும் வீடும் பொறுப்பிலிருந்து கழன்றுவிடுகின்றன.

இதை ஒட்டிய தவறு, கணவன் பக்கம் நின்று பார்ப்பது. படம் நம்மை அப்படித்தான் நிறுத்தி வைக்கிறது. முற்பகுதியில் மார்க்குக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அவள் எங்கே போகிறாள் என்று அவனோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். "பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறவள்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வது இதனால்தான். ஆனால் அவளை ரத்தம் வர அடிப்பவன் மார்க். துப்பறிபவரை அவள் பின்னால் அனுப்புபவன் அவன். ஹைன்ரிஷைக் கொல்பவனும் அவனே. சமையலறையில் அவள் மின்கத்தியைத் தன் கழுத்தில் வைத்துக்கொள்கிறாள். கட்டுப்போட்டுவிட்ட பிறகு அவனும் அதே கத்தியால் தன் கையைக் கீறிக்கொள்கிறான். பைத்தியம் ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை என்று படம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி ஜந்துவுக்கு வரலாம். அதை வடிவமைத்தவர் கார்லோ ராம்பால்டி. கள்ளக்காதல், பாவம், சாத்தான், பெண்ணின் இச்சை என்று அதற்குச் சொல்லப்படும் அர்த்தங்கள் ஏராளம். அது எதைக் குறிக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அது வளர்கிறது. ஒவ்வொரு முறை நாம் பார்க்கும்போதும் கொஞ்சம் கூடுதலாக மனித உருவம் கொள்கிறது. இறுதியில் மார்க்கின் முகத்தோடு எழுந்து நிற்கிறது. அன்னா வளர்த்தது காதலனை அல்ல, இன்னொரு கணவனை.

மறுபக்கம் ஹெலன். பாபின் ஆசிரியை. அவளாக நடிப்பவரும் அஜானியே. வெளிர் நிற உடை, பச்சைக் கண்கள், பொறுமை, வீட்டு வேலையில் கை கொடுக்கும் குணம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் பெரியவர்கள் எதை விசாரிப்பார்களோ அத்தனையும் அவளிடம் இருக்கிறது. ஆகவே ஹெலனை 'நல்ல மனைவி' என்றும் அன்னாவைக் 'கெட்ட மனைவி' என்றும் பிரித்துவிடுகிறோம். கடைசியில் மார்க்கின் முகத்தோடு வருகிறவனுக்கும் அதே பச்சைக் கண்கள் என்பதைக் கவனித்தால் அந்தப் பிரிப்பு நிற்காது. அன்னாவும் மார்க்கும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். சண்டை போடாத, கேள்வி கேட்காத, அதே முகமுள்ள இன்னொருவர் வேண்டும் என்று அவளும் விரும்புகிறாள், அவனும் விரும்புகிறான். அவள் விருப்பம் ரத்தமும் சளியுமாகத் தெரிகிறது. அவன் விருப்பம் பின்னிய கூந்தலோடு வந்து பாத்திரம் கழுவுகிறது. இரண்டில் எது கூடுதல் பயங்கரம் என்று என்னைக் கேட்டால் ஹெலன்தான் என்பேன். அவளைப் பார்த்து நாம் பயப்படவே இல்லை.

பெர்லின் சுவரைப் பற்றி ஒரு சொல். 1961இல் எழுப்பிய சுவர், படம் எடுத்தபோது நின்றுகொண்டிருந்தது. நகரம் இரண்டு, தம்பதி இரண்டு என்று கணக்குப் போட்டுவிடுவது எளிது. ஆனால் மார்க்கும் அன்னாவும் சுவரின் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். சுவர் அவர்களைப் பிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே அது எப்போதும் நிற்கிறது, அதன் மேலிருந்து காவலர்கள் தொலைநோக்கியால் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். வேவு பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட கணவனை, மனைவியையே வேவு பார்க்கத் தொடங்கியவனை, மேலிருந்து ஒருவன் வேவு பார்க்கிறான். பிரிவைவிட இந்தக் கண்காணிப்பும் தப்பிக்க வழியில்லாமையும்தான் எனக்குச் சுவரில் தெரிகின்றன.

ஜுவாவ்ஸ்கியின் சொந்த வாழ்க்கையைச் சாவியாக வைத்துக்கொள்வதும் உண்டு. நடிகை மவ்கோஜாதா பிரவுனெக்குடனான அவருடைய திருமணம் முறிந்தது உண்மை. 1977இல் அவர் எடுத்துக்கொண்டிருந்த பெரிய படத்தைப் போலந்து அரசு பாதியில் நிறுத்தியதும் உண்மை. படத்தின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இவை உதவும். ஒரு காட்சிக்கு அர்த்தம் சொல்ல உதவாது.

எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மூலப் படம் 124 நிமிடம். 1983இல் அமெரிக்காவில் வெளியானபோது அதை 81 நிமிடமாக வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு "தலையும் இல்லை, வாலும் இல்லை" என்பது படத்துக்குச் செய்யும் அநியாயம்.

"இது வெள்ளைக்காரர்கள் குடும்பப் பிரச்சினை, நமக்கு ஒட்டாது" என்று கொங்குப் பக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. திருமணம் முறியும் நிலைக்கு வந்தால் மாமன் வருவார், பங்காளிகள் வருவார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், கொடுமுடிக்கோ பவானி கூடுதுறைக்கோ போய்ப் பரிகாரம் செய்வார்கள் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் படத்தில் உறவினர் என்று சொல்ல ஹைன்ரிஷின் வயதான தாயைத் தவிர எவரும் இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டியவர்களும் நாம்தான். அந்த வீட்டின் வெறுமை நமக்குத்தான் உடனே உறைக்க வேண்டும். மேலும், பெரியவர்கள் பேசித் தீர்த்ததாகச் சொல்லும் எத்தனையோ திருமணங்களில் அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா? பேசி முடித்துத் திருப்பி அனுப்பிய பெண் அந்த வீட்டுக்குள் எதை வளர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியோடு பார்க்கும் கோபிக்காரருக்கோ பொள்ளாச்சிக்காரருக்கோ படம் நன்றாகவே ஒட்டும்.

முடிவைப் புதிராக எடுத்துக்கொண்டு விடை கண்டுபிடிக்கும் முயற்சியையும் தவிர்க்கலாம். கதவுக்கு வெளியே தந்தையின் முகத்தோடு ஒருவன். உள்ளே தாயின் முகத்தோடு ஒருத்தி. வானத்தில் விமானங்களும் வெடிச் சத்தமும். கதவைத் திறக்காதே என்று கத்திவிட்டு பாப் ஓடிப்போய்க் குளியல் தொட்டியில் முகம் கவிழ்ந்து விழுகிறான். அணுகுண்டா, உலகப் போரா, சாத்தானின் வருகையா என்று கூட்டங்களில் நேரம் போவது தெரியாமல் விவாதிக்கிறார்கள். பையனைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வந்திருப்பவர் தன் அப்பா இல்லை என்று அந்த வீட்டில் கண்டுகொண்டது அவன் ஒருவன்தான். பேச்சை அவனிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் மூச்சடக்கி அவன் விளையாடிய காட்சிக்கும், வீட்டில் தனியாக விடப்பட்டு உடலெல்லாம் அழுக்காக அவன் இருந்த காட்சிக்கும் நாம் திரும்பிப் போயாக வேண்டும். ஜந்துவுக்காகக் காத்திருந்தபோது நாம் கவனிக்காமல் விட்ட காட்சிகள் அவை.