ஆங்கிலத்தில் எது சரி என்ற வழக்கைத் தீர்க்கும் முறை

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஆசிரியர் அறையில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி வாக்குவாதம் எழுந்தால், பெரும்பாலும் மூத்தவர் சொல்வதே தீர்ப்பாகிவிடுகிறது. மாணவரின் நோட்டில் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்கு முடிவான தீர்ப்பு வழங்கும் அமைப்பு எதுவும் கிடையாது. பிரெஞ்சு மொழிக்கு 1635இல் நிறுவப்பட்டதைப் போன்ற ஒரு கழகம் வேண்டும் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் கேட்டது நிறைவேறவே இல்லை. அகராதிகளும் சட்டம் இயற்றுவதில்லை; மக்கள் எழுதுவதையும் பேசுவதையும் திரட்டிப் பதிவு செய்கின்றன.

எழுத்துக்கூட்டல் பற்றிய தகராறு எளிது: பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

சொல்லைப் பற்றியதானால், அகராதியில் அது இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அதன் அருகில் உள்ள குறிப்பையும் படியுங்கள். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய வழக்கு என்ற குறிப்புடன் இடம்பெற்றுள்ளது. எனவே, மேட்டூர் திறப்பை ஒட்டித் தஞ்சாவூரில் நடக்கும் கூட்டத்தின் அறிவிப்பில் அதைத் தாராளமாக எழுதலாம். அதே செய்தி லண்டனுக்குப் போகும் கடிதத்தில் இருந்தால் ‘பிராட் ஃபார்வர்டு’ என்பதே உடனே புரியும்.

இலக்கண விதியானால், அதை யார், எப்போது சொன்னார் என்று தேடுங்கள். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் (‘வித்’, ‘ஆஃப்’ போன்ற சொல்லில்) முடிக்கக்கூடாது என்ற எண்ணம், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் கவிஞர் டிரைடன் 1672இல் கண்ட குறையிலிருந்து பரவியது. 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்குக் கையேட்டில் அகராதி ஆசிரியர் ஃபவுலர் அதை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினார். இத்தகைய விதிக்காக ஒரு குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். வலங்கைமானில் பிறந்த சொற்பொழிவாளர் சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை இங்கிலாந்திலேயே போற்றினார்கள் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி இன்றைய மாணவரை அதட்டக்கூடாது.

‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் வேண்டாத ‘அபவுட்’ சேர்க்கும் ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்றவை வேறு வகை. நம்மிடையே எங்கும் கேட்கும் வழக்கு என்றாலும், தேர்வுத்தாள் திருத்துபவரும் வேலைக்கு ஆள் எடுப்பவரும் அதைப் பிழையாகவே கருதுவதால், காரணத்தை விளக்கித் திருத்துங்கள். இரண்டு நல்ல அகராதிகள் தமக்குள் மாறுபட்டால், மதிப்பெண்ணில் கை வைக்காமல், மற்ற வடிவத்தையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.